தோப்புத் தடத்தின் நேரப் பதிவு

ஆகஸ்ட் 3, 2015, திங்கள்

வக்கீல் குழந்தைவேலு சொல்லித்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது.

"வெறும் வாயில சொன்னா கோர்ட்டுல நிக்காதுங்க. யார் யார் உங்க தோப்புக்குள்ள பூந்து போறாங்கன்னு தேதி, நேரம் போட்டுத் தினமும் எழுதி வைங்க. ரெண்டு மாசம் எழுதுனாப் போதும், அத்துமீறலுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்" என்றார்.

நேரம் போட்டு எழுதுவதை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்கு!

உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி இருந்தது. அட்டையில் தக்காளிப் படம். ஜூலை வரை வெற்றுப் பக்கம். நேரம், பெயர், எங்கிருந்து எங்கே, தாமதம், காரணம் என்று ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன். கடைசி இரண்டும் இதற்குத் தேவையில்லை. கைப் பழக்கம், போட்டுவிட்டது. இருக்கட்டும்.

விஷயத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ரிட்டயரானதும் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கினேன். முன்பக்கம் தார் ரோடு, மேட்டுக்கடை பஸ் நிறுத்தம். பின்பக்கம் சின்னாங்காடு, நாற்பது வீடு. அந்த நாற்பது வீடும் என் தோப்பைக் குறுக்கே மிதித்துத்தான் பஸ்ஸுக்கும் கடைக்கும் போகிறது. இப்படிப் போனால் பன்னிரண்டு நிமிடம். வாய்க்கால் கரையைச் சுற்றி ஊரார் வழி ஒன்று இருக்கிறது, அதில் போனால் முக்கால் மணி. அது என் தவறல்ல. சர்வே படத்தில் என் தோப்புக்குள் எந்த வழியும் இல்லை, நானே பார்த்துவிட்டேன்.

தோப்பில் மேடான இடம் ஒன்றே ஒன்று. மற்ற இடமெல்லாம் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வீடு கட்டினால் அங்கேதான் கட்ட முடியும், தடமும் சரியாக அங்கேதான் போகிறது. வீடு கட்டும் வரை நானும் என் மனைவி வசந்தாமணியும் பழைய மோட்டார் சாளையில், அந்த ஒற்றைக் கொட்டகையில்தான் குடித்தனம்.

முப்பத்தொரு வருஷம் ஊரே கடந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி யாருமே கடந்து போகாத இடத்தில் உட்கார வேண்டும். இதில் என்ன தப்பு இருக்கிறது?

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலை 6.10. பால் சொசைட்டிக்குப் போகும் பெரியவர். கேன் ஒன்று. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.
6.25. நூல் மில் பெண்கள் இருவர். 6.40 பஸ்ஸுக்கு.
8.40. தபால்காரம்மா. மேட்டுக்கடை தபாலாபீசுக்கு. வீடு சின்னாங்காட்டில்தான்.
மதியம் 12.05. அதே தபால்காரம்மா, பையோடு திரும்புகிறார்.
மாலை 5.50. மில் பெண்கள், திரும்புகை.
இடையில் இன்னும் பதினான்கு பேர்.

"உங்க பஸ்ஸெல்லாம் வந்து சேந்துச்சுங்களா?" என்று கேட்கிறாள் வசந்தாமணி. கிண்டல்.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலை 6.10. பால்காரர். இன்றும் தோப்பு எல்லையில் செருப்பைக் கழற்றினார். ரோட்டுப் பக்கம் போய் மாட்டிக்கொண்டார். முள்ளும் பாளையும் கிடக்கிற இடத்தில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, தார் ரோட்டில் செருப்புப் போடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

சாட்சிக்குப் பெயர் வேண்டுமே என்று நிறுத்திக் கேட்டேன். திருமூர்த்தி என்றார். எத்தனை நாளாக இந்த வழியாக வருகிறீர்கள் என்று அதட்டலாகவே கேட்டேன்.

"சொசைட்டி ஆரம்பிச்ச நாள்லருந்துங்க பண்ணாடி. முப்பத்துநாலு வருசமாச்சுங்க. அப்ப இந்த மரமெல்லாம் என் இடுப்பு ஒசரந்தானுங்க இருந்துச்சு."

அப்படியே எழுதிக்கொண்டேன். என்னைப் பண்ணாடி என்றது பிடிக்கவில்லை. நான் பெரிய நிலக்காரன் வீட்டுப் பிள்ளையல்ல. பஸ் ஸ்டாண்டில் எனக்கு 'டைம் சார்' என்றுதான் பெயர்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

மில் லீவு, தபால் லீவு. பால் மட்டும் 6.10.

பொழுது போகாமல் டேப் எடுத்துத் தோப்பை அளந்தேன். மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி, நூல் பிடித்த மாதிரி. ஆனால் தடம் போகிற இடத்தில் மட்டும் வரிசை பிசகுகிறது. நான்கு மரங்களை இரண்டடி தள்ளி நட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷத்து மரங்கள். நட்டவருக்கு அளவு தெரியவில்லை போலிருக்கிறது.

வசந்தாமணி படித்துவிட்டு, "அளவு தெரியாதவரா மத்த நூத்தம்பதையும் நேரா நட்டாரு?" என்றாள். இனி டைரியை அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஆடிக்காற்று கண்டபடி அடிக்கிறது. தடத்தில் நேற்று மூன்று தேங்காய் விழுந்து கிடந்தன. எடுக்கவில்லை. சாட்சி வேண்டுமே. மறைந்து நின்று பார்த்தேன்.

6.10. திருமூர்த்தி தாண்டிப் போனார்.
6.29. மில் பெண்கள். தாமதம் நான்கு நிமிடம். காரணம்: அவர்களில் ஒருவரான ஜோதிமணியின் பிள்ளைக்குக் காய்ச்சல், பேசிக்கொண்டே போனார்கள். ஓடியதில் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.
8.40. தபால்காரம்மா நின்றார். குனிந்தார். பேனாவைத் திறந்தேன். மூன்று காயையும் எடுத்து மரத்தடியில் வரிசையாக வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "வழியில கெடந்தா யாராச்சும் இடறி உழுந்துருவாங்க. எண்ணிக்கை மூணுங்க. பாத்துக்கங்க" என்றார்.

மறைந்து நின்றது தெரிந்திருக்கிறது. சட்டை வெள்ளை, அதுதான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெயர் துளசிமணியாம். வசந்தாமணிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்படி என்று கேட்டால் மோர் கொடுத்த வகையில் என்கிறாள். எத்தனை நாளாக மோர் கொடுக்கிறாய் என்று கேட்டதற்குப் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

வக்கீல் ஏழு பேருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். 'எனது கட்சிக்காரரின் தோப்புக்குள் இனிப் பிரவேசிக்கக் கூடாது' என்று தொடங்குகிறது. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஏழு பெயர். திருமூர்த்தி, ஜோதிமணி, துளசிமணி எல்லாம் உண்டு.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள் வசந்தாமணி. அடுப்புக்கு நோட்டீஸ் விவரம் என்ன தெரியும்?

ஆகஸ்ட் 27, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

12.05க்குத் துளசிமணி வந்தார். தோப்புக்குள் வரவில்லை. ரோட்டுப் பக்கக் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தார். வசந்தாமணியின் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். எப்போதும் தபாலைக் கொடுத்துவிட்டு அப்படியே தடத்தில் இறங்கிவிடுவார். இன்று கேட்டிலிருந்து திரும்பி ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இப்படிப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"என் பேருக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்குதுங்க. காலையிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டனுங்க. இன்னும் ஆறு, பையில இருக்குது. சின்னாங்காட்டுல கொடுக்கோணும். இந்தத் தடத்துல வரக் கூடாதுங்கற காயிதத்தை இந்தத் தடத்துலயே கொண்டுபோய்க் கொடுத்தா நல்லா இருக்காதுங்களே."

அவர் பையில் என் நோட்டீஸ். அவரை எதிர்த்து நான் அனுப்பியதை அவரேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதை வக்கீலும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு ஊர்த் தபாலை யார் கொண்டு போவார்கள் என்று தோன்றாமல் போய்விட்டது.

"இன்னைக்கு ஒரு நாள் போயிக்கங்க. வெயிலா இருக்குது" என்றேன்.

"வேண்டாமுங்க. நோட்டீசுல இன்னைக்கு ஒரு நாள்னு எதுவும் போடலீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்.

ஆகஸ்ட் 31, திங்கள்

12.05. துளசிமணி, கேட்டில். ஏழு ஒப்புகை அட்டைகள் என் பெயருக்கு வந்து சேர்ந்தன. ஏழிலும் கையெழுத்து, தேதி, எல்லாம் 27ஆம் தேதி. ஒன்றுகூடத் தாமதமில்லை, ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. 'பெறுநர் வீட்டில் இல்லை' என்று ஒரு வரி எழுதி நோட்டீசுகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? எத்தனை டிரிப் ஷீட்டில் எத்தனை பொய்யைப் பார்த்தவன் நான். வெயிலில் முக்கால் மணி நடந்து தன் ஊருக்கு எதிரான காகிதத்தைத் தன் கையால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சேர்த்ததற்கு அத்தாட்சியும் எனக்கே கொண்டு வந்து கொடுக்கிற ஆளை இன்றுதான் பார்த்தேன்.

இப்படி ஒரு கண்டக்டர் எனக்கு இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்தையே கழற்றியிருக்கலாம்.

இது சாட்சிக்கு வேண்டியதில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 2, புதன்

யாரும் வரவில்லை. நோட்டீஸ் வேலை செய்கிறது.

செப்டம்பர் 3, வியாழன்

யாரும் வரவில்லை. நல்ல அமைதி. 6.10க்கு விழிப்பு வந்துவிட்டது. ஒரு மட்டை விழுந்தது, அதையும் 6.25க்கு என்று எழுதப் போனேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வரலாமென்று காலையில் கரைக்குப் போனேன். டைரி பையில் இருந்தது, தற்செயலாக.

5.35. திருமூர்த்தி, கேனோடு. செருப்புக் காலில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் கழற்றக் குனிந்தார். இது என் இடமில்லை, ஏன் கழற்றுகிறீர்கள் என்றேன். குழம்பி நின்றார்.
5.50. மில் பெண்கள். ஜோதிமணி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோவதில்லையாம். சமைக்க நேரமில்லை.
8.05. துளசிமணி. முப்பத்தைந்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறார். தபாலாபீசுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் மாற்றமில்லை. போய் விசாரித்தேன். தபால் தலை வாங்கப் போனேன், அப்படியே விசாரித்தேன்.

தண்ணீர் பாதி வாய்க்கால் வருகிறது.

செப்டம்பர் 9, புதன்

துளசிமணியிடம் அந்தச் செருப்பு விஷயத்தைக் கேட்டேன். கேட்டின் இரண்டு பக்கமும் நின்று பேசினோம்.

"உங்களுக்குத் தோப்பு வித்தவங்களோட அப்பா காலத்துப் பழக்கமுங்க. எங்க ஊர் ஆளுங்க செருப்போட உள்ள வரக் கூடாது. போட்டுட்டு வந்தா அந்தச் செருப்பையே தலையில வெக்கச் சொல்லுவாங்களாம். அவுங்க செத்து இருவது வருசமாச்சு. பெரியவருக்குக் காலு மறக்கலீங்க."

"நீங்க கழட்டலையே?"

"நான் பத்தாவது படிக்கறப்பவே போட்டுட்டுத்தான் போனனுங்க. அன்னைக்கு எங்கம்மாவ சாளைக்குக் கூப்பிட்டு நொம்ப நேரம் நிக்க வெச்சாங்க. அடுத்த நாளும் போட்டுட்டுத்தான் போனேன்."

பத்தாவது படிக்கிற பெண். நான் அந்த வயதில் வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

அந்தச் சாளைதான் இப்போது நாங்கள் குடியிருக்கிற சாளை. இதை வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். திருமூர்த்தியின் கையில் இருந்த செருப்பை ஒரு மாதமாகப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 21, திங்கள்

வக்கீல் போன் செய்தார். சின்னாங்காட்டுக்காரர்கள் தாசில்தாரிடம் மனு கொடுத்திருக்கிறார்களாம். எழுதியது அந்தத் தபால்காரம்மாவாம். "ஒரு வார்த்தை மிகையா இல்லீங்க. திட்டு இல்ல, அழுகை இல்ல. குத்தம் சொல்ல இடமில்லாம எழுதியிருக்குது" என்று சலித்துக்கொண்டார்.

எனக்கு ஏன் சந்தோஷமாக இருந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, புதன்

நேற்றிலிருந்து மழை. தோப்பில் மேட்டைத் தவிர எல்லாம் தண்ணீர்.

12.05க்குக் கேட் மணி அடித்தது. இந்த மழையில் வர மாட்டார் என்று நினைத்திருந்தேன். முட்டி வரை களிமண். வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை, கணுக்கால் பந்தாக வீங்கியிருந்தது. காலையில் கரையில் வழுக்கி விழுந்திருக்கிறார், அந்தக் காலோடுதான் ஆபீசுக்குப் போய்த் தபாலையும் பிரித்துக் கொண்டு வந்திருக்கிறார். பையை உரச்சாக்கில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். உள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

தாலுகா ஆபீஸ் கடிதம். இந்த வழித் தகராறுக்கு 26ஆம் தேதி விசாரணை. அவருக்கும் ஒன்று வந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, நான் சொல்றேன். தோப்புக்குள்ளயே வீட்டுக்குப் போங்க. யார் கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பனுங்களே. இருவத்தாறாந் தேதி தாசில்தார் முன்னால நின்னு நோட்டீசுக்கு அப்பறம் அந்த வழி மிதிக்கலீங்கன்னு சொல்லோணும். அது பொய்யாயிருமுங்க."

வசந்தாமணி வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவர் காலில் எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருவரும் ஒரே குடையில் வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனார்கள்.

மதியச் சாப்பாடு 3.10க்கு. தாமதம்: இரண்டு மணி. காரணம்: எழுத விரும்பவில்லை.

அக்டோபர் 19, திங்கள்

வக்கீல் ஆபீசுக்கு டைரியைக் கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தார். ஆகஸ்ட் 6ஐ இரண்டு தடவை படித்தார்.

"என்னுங்க இது? முப்பத்துநாலு வருசமா போறேன்னு அந்தாளு சொன்னதை நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. தடத்துக்கு வழி விட்டு மரம் நட்டிருக்காங்கன்னு அளந்து எழுதியிருக்கீங்க. தேங்காய ஒருத்தருந் தூக்கிட்டுப் போகலைன்னு வேற. இருவது வருசம் தடங்கலில்லாம நடந்திருந்தாலே வழி உரிமை கேக்கலாமுங்க. அவங்ககிட்ட ஒரு துண்டுச் சீட்டு சாட்சி கெடையாது. நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டிருக்கீங்க."

நடந்ததைத்தானே எழுதச் சொன்னீர்கள் என்றேன்.

"நடந்ததுல நமக்கு வேண்டியதை எழுதச் சொன்னனுங்க. இதைக் கிழிச்சுப் போட்டுருங்க. புதுசா ஒரு நோட்டுல, நீங்க வாங்குன பெறகுதான் போக்குவரத்து ஆரம்பிச்சுதுன்னு எழுதுங்க. காய் காணாமப் போனதாவும் நாலு எடத்துல போடுங்க."

வரும் வழியில் அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

அக்டோபர் 21, புதன்

ஆயுத பூஜை. புது நோட்டில் நேற்று எழுத உட்கார்ந்தேன். 'ஆகஸ்ட் 4. காலை 6.10' வரை எழுத வந்தது. அதற்கு மேல் என்ன போடுவது என்று மணிக்கணக்காக யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்று மண்வெட்டி, கடப்பாரை, என் பழைய கைக்கடிகாரம், பேனா எல்லாவற்றுக்கும் வசந்தாமணி சந்தனம் வைத்தாள். புது நோட்டைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தேன். அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து இந்த டைரியை எடுத்து வந்து வைத்தாள். தக்காளி மேல் குங்குமம்.

"அதுல எழுத்தே இல்லையே, எதுக்குப் பொட்டு?" என்றாள்.

பூஜையில் வைத்ததைக் கையால் தொடக் கூடாது. ஆகையால் இன்றைய குறிப்பைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, நாளை விஜயதசமிக்குப் பிறகு இங்கே ஒட்டுகிறேன்.

அக்டோபர் 26, திங்கள்

தாலுகா ஆபீஸ். 11 மணி என்று போட்டிருந்தார்கள், 12.20க்குக் கூப்பிட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் யாரும் சொல்லவில்லை.

உள்ளே போகும் முன் வக்கீலிடம் புது நோட்டு எழுதவில்லை என்றேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "போகுதுங்க விடுங்க. படத்துல வழி இல்ல. அது போதும். நீங்க வாயத் திறக்காம இருந்தீங்கன்னா நாம ஜெயிச்சோம்."

தாசில்தார் ஒரு அம்மா. கிராம நிர்வாக அலுவலர் சர்வே படத்தை விரித்துக் காட்டினார், வழி இல்லை. சின்னாங்காட்டு ஏழு பேரும் சுவரோரம் நின்றார்கள். ஜோதிமணி அரை நாள் சம்பளத்தை விட்டு வந்திருந்தார்.

"பல வருஷமா நடந்ததுக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

துளசிமணி முன்னால் வந்தார். இன்னும் லேசாக நொண்டுகிறார். "எங்க தபாலாபீசுல ஒரு பழைய பதிவு இருக்குதுங்கம்மா. தபால்காரர் எந்த வழியா எங்க போகோணும்னு எழுதினது. அதுல தோப்புத் தடம்னே இருக்குதுங்க."

"அப்பறம் என்ன, கொண்டு வந்திருக்கலாமே?"

"அது ஆபீஸ் காயிதமுங்க. என் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாதுங்க. அனுமதி கேட்டு மேலாபீசுக்கு எழுதியிருக்கறேன். இன்னும் பதில் வரலீங்க."

"அந்த ரூமுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டத்தானுங்க."

சாவி இடுப்பில் இருக்கிறது. நாற்பது வீட்டின் வழி பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. ஒரு செல்போன் படம் எடுத்தால் போதும். எடுக்கவில்லை துளசிமணி. திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். எழுதுவதற்கென்ன, என் கண் கலங்கியது.

தாசில்தார் வருத்தத்தோடுதான் கோப்பை மூடப் போனார். முறைக்கு என் பக்கம் திரும்பி, "உங்க தரப்புல ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

வக்கீல் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"இருக்குதுங்க" என்றேன். பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இது ஆபீஸ் காகிதம் இல்லீங்க. என் சொந்தக் காகிதம். ஆகஸ்ட் ஆறாந் தேதியும் ஒன்பதாந் தேதியும் பாருங்க. நேரமெல்லாம் சரியா இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லீங்க."

தாசில்தார் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினார். மட்டை விழுந்த இடமாக இருக்கும். பிறகு ஆகஸ்ட் 31ஐச் சத்தமாகவே படித்தார், கண்டக்டர், கடிகாரம் எல்லாம். எங்கே முகத்தை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. துளசிமணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

நான்கடி அகலத்துக்குத் தடம் என்றைக்கும் இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வக்கீல் அதற்கு முன்பே டீ குடிக்கப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் துளசிமணி கைகூப்பினார். நாளை தபால் உண்டா என்று கேட்டேன். "உண்டுங்க, 12.05க்கு" என்றார்.

திருமூர்த்தியிடம் போய், இனி தோப்புக்குள் செருப்பைக் கழற்றக் கூடாது, என்னைப் பண்ணாடி என்று கூப்பிடவும் கூடாது என்றேன். "பழகிப் போச்சுங்க" என்று சிரித்தார். எந்தப் பழக்கத்தைச் சொன்னார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு மனையைத் தள்ளி வைக்க வேண்டும். மேட்டில் பாதிதான் மிஞ்சும், சின்ன வீடுதான். வசந்தாமணியிடம் தயங்கிச் சொன்னேன். "வாசலைத் தடத்தைப் பாத்து வெச்சுக்கலாமுங்க. நீங்க உக்காந்து எழுத வசதியா இருக்கும்" என்றாள். எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ.

அக்டோபர் 27, செவ்வாய்

8.40. துளசிமணி. ஆபீசுக்கு, தோப்பு வழியாக.
12.05. துளசிமணி. தபால் இல்லை. இல்லை என்று சொல்வதற்காக நின்றார். மோர் குடித்தார். நான் கொடுத்தேன்.

அக்டோபர் 28, புதன்

காலை 6.10. திருமூர்த்தி, சின்னாங்காட்டிலிருந்து பால் சொசைட்டிக்கு. கேன் ஒன்று. எல்லை மரத்தடியில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பத்தடி நடந்தார். நின்றார். கேனை இறக்கி வைத்தார். சாளைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் டைரியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ரோட்டுக்கு ஏறியது 6.16. வழக்கமாக 6.15.

தாமதம்: ஒரு நிமிடம்.
காரணம்: செருப்புப் போட்டுக்கொண்டார்.